தலையில் அடித்த சத்தியம்

அடிமாலி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியபோது சுடலைமணி செய்த காரியத்தைச் சித்ராவால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவள் மடியில் மகள் அஞ்சு தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மனைவியின் வலது கையை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தான். அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினான்.

"ஞாயித்துக்கிழமை கற்பகத்துக்குப் பூ வச்சு முடியட்டும். அதுவரைக்கும் டாக்டர் சொன்னத நீ யார்ட்டயும் சொல்லக் கூடாது. பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டாள். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் பண்ணியிருப்பார்கள்.

எர்ணாகுளத்து டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்து, இவர்களுக்குப் புரியாத இடத்தில் நிறுத்திப் படம் போட்டுக் காட்டினார். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நாற்பத்தாறு நூல்கள் ஜோடி ஜோடியாக இருக்குமாம். குரோமோசோம் என்று பெயர். பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. அதில் இருபத்தொன்றாம் நம்பர் அஞ்சுவுக்கு இரண்டுக்கு மூன்றாக இருக்கிறது. அதனால்தான் அவள் நடக்க நாளானது, அதனால்தான் நாலு வயது நெருங்கியும் பேச்சு பிந்துகிறது, அதனால்தான் அந்தச் சாய்ந்த சின்னக் கண்கள். இதெல்லாம் பிள்ளை பிறந்தபோதே சொன்னதுதான். போன வருஷம் சித்ராவுக்கு அடுத்தது தங்காமல் போன பிறகுதான், அந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று பார்க்க இருவரும் ரத்தம் கொடுத்தார்கள்.

சித்ராவின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சுடலைமணிக்கு எண்ணினால் நாற்பத்தைந்துதான் வந்தது. ஒன்று காணாமல் போகவில்லை. இருபத்தொன்றாம் நம்பரில் ஒன்று பதினான்காம் நம்பரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவன் சுடலைமணி. பஸ் ஸ்டாண்டில் டீயை ஆற்றிக்கொண்டே அவன் சித்ராவிடம் சொன்னான்: "ரெண்டு சாக்க வாயோட வாய் சேத்துக் கட்டிட்டா எண்ணும்போது உருப்படி ஒண்ணு கொறையும். கொழுந்து கொறையாது. அதான் எனக்கு ஒண்ணும் தெரியல. வேற வண்டிக்கு மாத்தும்போது கட்டினதும் போயி, தனியா நின்னதும் போச்சுன்னா, அங்க ஒரு சாக்கு ஜாஸ்தி." பிறகு டீயைக் குடிக்காமலேயே வைத்துவிட்டான்.

சித்ரா ஒன்று கேட்டிருந்தாள். "சொந்தத்துல கட்டினதால வந்ததா டாக்டர்?"

"இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை," என்றார் டாக்டரம்மா. பிறகு அவர் கேட்டார்: "இவருக்குக் கூடப்பிறந்த பெண் உண்டா?"

உண்டு. கற்பகம். அவளுக்கும் அந்த ஒட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெண்ணுக்கு இருந்தால் ஆணைவிடக் கவனம் அதிகம் வேண்டும். கரு தங்காமல் போகலாம். பிள்ளைக்கு இப்படி வரலாம். நல்லபடியாகவும் பிறக்கலாம். முன்கூட்டித் தெரிந்தால் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் இப்போது சித்ராவின் நெஞ்சில் கிடந்தது.

ஏனென்றால் இந்த வீட்டில் எல்லாமே ஒரு நினைப்பின் மேல் நின்றது. சித்ரா, மாமியார் மூக்கம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகள். ஆசை ஆசையாகத் தன் மகனுக்கு எடுத்தாள் மூக்கம்மாள். அஞ்சு பிறந்ததும், 'சொந்தத்துல எடுத்தேன், ரத்தம் கெட்டுப்போச்சு' என்று தலையில் அடித்துக்கொண்டாள். போன வருஷம் அடுத்ததும் தங்காமல் போனதும், சித்ராவின் தம்பி ஜெகனுக்கும் கற்பகத்துக்கும் சின்ன வயதிலிருந்தே பேசி வைத்திருந்த கல்யாணத்தை அதே வாயால் முறித்தாள். பட்டது போதும், இனி அந்நியத்தில்தான் என்றாள்.

அந்த அந்நியம் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, வேலந்தாவளத்திலிருந்து வேன் பிடித்து வந்துகொண்டிருந்தது.

*

"மதினி, இந்தச் சேலையில நான் கோயில் கொடிமரம் மாதிரி இருக்கேன்ல?"

"நில்லு. மடிப்பு கலையுது."

"கலையட்டும். வேலந்தாவளத்துக்காரக ரொம்ப மரியாதையானவகளாம். அங்க மாடுகூட 'அம்மாங்க'ன்னுதான் கத்துமாம்."

சித்ரா சிரித்துவிட்டாள். வாயில் கடித்திருந்த ஊக்கு கீழே விழுந்தது. அஞ்சு குனிந்து அதை எடுக்கப் போக, கற்பகம் சேலையோடு சேர்த்து அவளைத் தூக்கிக்கொண்டாள். கட்டிய மடிப்பெல்லாம் போயிற்று.

கற்பகம் தேவிகுளத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஆன்லைன் சேவைக் கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அஞ்சுவைத்தான் தேடுவாள். அஞ்சுவுக்குக் கைதட்டக் கற்றுக்கொடுத்தது அவள். 'டாட்டா' கற்றுக்கொடுத்ததும் அவள்தான். வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் அஞ்சு ஒரே டாட்டாதான் காட்டுவாள்.

"மதினி."

"என்ன?"

"எர்ணாகுளத்துல இருந்து வந்த நாள்ல இருந்து நீங்க எம் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கீக. ஜெகன் மச்சான் எதும் சொன்னாகளா?"

"அவன் என்ன சொல்லப்போறான். ஜீப்பு உண்டு, டூரிஸ்ட் உண்டுன்னு பள்ளிவாசல் ஊருல கெடக்கான்."

"அப்ப டாக்டர் எதும் சொன்னாகளா?"

சித்ராவின் கை நின்றது. சொல்லிவிடலாம். ஒரு வாய் வார்த்தைதான். கற்பகத்தின் தோளில் சாய்ந்திருந்த அஞ்சுவின் தலை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. எண்ணெய் தடவி வகிடெடுத்த சின்னத் தலை. குரோமோசோம் படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் அந்தத் தலையில் அழுத்திய சத்தியத்தின் சூடு அவள் உள்ளங்கையைவிட்டுப் போகவில்லை. மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை.

"ஊக்க எடு," என்றாள்.

பக்கத்து வீட்டுச் சந்தனமேரி பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுமந்துகொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க போட இத? மாப்பிள்ள குண்டா இருந்தா இந்தச் செவப்பு நாற்காலியக் குடுக்காதீக. போன கிறிஸ்மஸுக்கே கால் விரிஞ்சிருச்சு."

*

எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்தின் ஓரத்தில், குழாயடியில் சுடலைமணி குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தான். குடம் நிறைந்து வழிந்தது. அவன் பார்க்கவில்லை.

சித்ரா குழாயை மூடினாள். "மச்சான், நீங்க வாங்கின சத்தியத்த நீங்களே எடுத்துருங்க."

"பூ வச்சு முடியட்டும்னு சொன்னேன்ல."

"பூ வச்ச பெறகு சொல்லி என்ன ஆகப்போவுது? அங்க போயி அவளுக்கு ஒண்ணு தங்காமப் போனா என்ன சொல்லுவாக? எனக்கு இங்க சொன்னதத்தான சொல்லுவாக. என்னைய சொல்லுறது எங்க அத்தை. திட்டுவாக, ராத்திரி கஞ்சி வச்சும் குடுப்பாக. அவளுக்கு அங்க யாரு இருக்கா?"

"சொன்னா அவளக் கட்ட ஒருத்தன் வரமாட்டான். லயம் லயமா பேசுவானுக."

"ஜெகன் வருவான்."

அதைச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

சுடலைமணி நிமிர்ந்து பார்த்தான். "அதான பாத்தேன். தம்பிக்காகப் பேசுத."

சித்ரா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாலு அடி போனதும் பின்னாலேயே அவன் வருவது கேட்டது. குடத்தை வாங்க வந்தான். அவள் கொடுக்கவில்லை. வீடு வரைக்கும் அவள் முன்னால், அவன் வெறுங்கையோடு பின்னால்.

*

வேனிலிருந்து முதலில் இறங்கிய அம்மா, இறங்கியதும் தரையைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதென்ன ரோடுங்க? காலைல தின்ன இட்லியெல்லாம் ஒவ்வொரு வளைவுலயும் ஒண்ணொண்ணா எறங்கிப் போயிருச்சுங்க."

மாப்பிள்ளையின் அம்மா ராமாத்தாள். கூட உறவுக்காரர்கள் நாலைந்து பேர். கடைசியாக, தலை வேன் கதவில் இடித்துவிடாமல் குனிந்து இறங்கியவன் மயில்சாமி. வேலந்தாவளம் சந்தையில் மாட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். லயத்தில் மாடு வளர்ப்பவர்களுக்குக் கறவை கொடுக்க வந்துபோன பழக்கத்தில்தான் இந்தப் பேச்சு தொடங்கியது.

அஞ்சு ஓடிப்போய் வாசலில் நின்று டாட்டா காட்டினாள்.

"வந்ததும் வெரட்டறயா கண்ணு?" ராமாத்தாள் அவளை அள்ளித் தூக்கினாள். "இங்க வா சாமி. கன்னத்தப் பாரு, பன்னு மாதிரி."

அஞ்சு அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். யாரிடமும் அவள் அப்படித்தான். முதல் நாளே சொந்தம்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிவப்பு நாற்காலி மயில்சாமிக்குத்தான் வாய்த்தது. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கற்பகம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்ரா காப்பித் தட்டோடு வந்தபோது ராமாத்தாள் அஞ்சுவின் உள்ளங்கையைத் தடவிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "குழந்தைக்கு… பொறந்ததுல இருந்தேங்களா?"

சித்ரா வாயைத் திறப்பதற்குள் மூக்கம்மாள் முந்திக்கொண்டாள். மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவளைப் பொறுத்தவரை இதுதான் இந்தச் சம்பந்தத்துக்கே காரணம்.

"பொறந்ததுல இருந்துதான். எங்க அண்ணன் மகளத்தான் எம் மகனுக்கு எடுத்தேன். சொந்தத்துக்குள்ள சொந்தம். அந்த ரத்தம் ஒத்துக்கல. அதான் எம் மகள அந்நியத்துலதான் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அவளுக்கு இதுல ஒண்ணும் வராது. நீங்க தைரியமா எடுக்கலாம்."

ராமாத்தாள் தலையாட்டினாள். நாலு கண்கள் சித்ராவின் மேல் வந்து, பரிதாபத்தோடு விலகின. அவள் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினாள். கணவன் முன்னால் வந்தபோது அவன் டம்ளரை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நேரம் போறதுக்குள்ள பூவ வெச்சுப்போடலாமுங்களா?" என்று ராமாத்தாள் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். மல்லிகை வாசம் பனிக்குளிரில் பட்டென்று விரிந்தது. "அம்முணியக் கூப்புடுங்க."

கற்பகம் வந்து மணையில் உட்கார்ந்தாள்.

சித்ரா தட்டைக் கீழே வைத்தாள். ராமாத்தாளின் மடியிலிருந்த அஞ்சுவைத் தூக்கினாள். நேராகப் போய், சுடலைமணியின் மடியில் பிள்ளையை வைத்தாள். அவன் வலது கையை எடுத்து அஞ்சுவின் தலையில் வைத்தாள். திரும்பிப்போய் கதவோரம் நின்றுகொண்டாள்.

மற்றவர்களுக்கு அது பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனது போலத்தான் தெரிந்தது.

அஞ்சு அப்பாவின் கையைத் தலைமேல் தொப்பி மாதிரி இரண்டு கையாலும் பிடித்து வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு விளையாட்டு. அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ராமாத்தாள் பூச்சரத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஒரு நிமிசம்," என்றான் சுடலைமணி.

குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான்.

"ஒரு நிமிசம்மா. எங்க அம்மா சொன்னது சரியில்ல. அவகளுக்குத் தெரியாது, அதனால சொல்லிட்டாக. இந்தப் பிள்ளைக்கு வந்தது எங்கிட்ட இருந்து. எம் பொண்டாட்டி ரத்தத்துல ஒண்ணும் இல்ல. சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் டாக்டர் சொன்னாக."

"ஏலே, என்ன பேசுத?" என்றாள் மூக்கம்மாள்.

"இருங்கம்மா. எனக்கு உடம்புல ஒரு கொறையும் கெடையாது. ஆனா பிள்ளைக்குக் குடுக்கும்போது கூடக்கொறைய போகுது. இது வழிவழியா வரது. எந் தங்கச்சிக்கும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். பாக்காம உங்க வீட்டுக்கு அனுப்பினா…" அவன் நிறுத்தினான். "நாளைக்கு எந் தங்கச்சியையும் ஒருத்தர் இப்படி நாலு பேர் முன்னால காப்பித் தட்டோட நிக்கவச்சுச் சொல்லுவாக. எம் பொண்டாட்டி நின்ன மாதிரி. நான் பாத்துக்கிட்டு இருந்த மாதிரி யாராவது பாத்துக்கிட்டு இருப்பாக."

தகரக் கூரையில் சாரல் விழ ஆரம்பித்தது. கற்பகம் மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள், பிறகு மதினியைப் பார்த்தாள். இத்தனை நாளாக மதினி ஏன் முகம் பார்க்கவில்லை என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"எனக்கும் பாக்கணுமாண்ணே?"

"பாக்கணும்மா."

"சரி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ராமாத்தாள் கையிலிருந்த பூவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சந்தையில மாடு புடிச்சா பல்லப் பாப்போம், சுழியப் பாப்போமுங்க," என்றாள். "பொண்ணு பாக்க வந்த எடத்துல அப்படியெல்லாம் கேக்கறதில்லீங்க. நீங்களாச் சொல்லிப்போட்டீங்க. சொன்னது நெம்ப நல்லதுங்க. ஆனா நான் பொய் சொல்லக் கூடாது பாருங்க. ஊட்டுக்குப் போயி இவங்கப்பங்கிட்டச் சொல்லோணும். அவரு என்ன சொல்வாரோ, எனக்கே தெரியாதுங்க."

"சரிம்மா."

"பூவ நான் திருப்பிக் கொண்டுபோக மாட்டனுங்க. மலையேறி வந்த பூ. இங்கயே இருக்கட்டும்." சுற்றிப் பார்த்து, சுவரில் காலண்டர் ஆணியில் பொட்டலத்தை மாட்டினாள்.

மயில்சாமி எழுந்ததும் சிவப்பு நாற்காலி கடைசியாக ஒருமுறை முனகிவிட்டு ஒரு காலை விரித்துப் படுத்துக்கொண்டது. அவன் அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்துவிட்டு, சுடலைமணியைக் கேட்டான்.

"அந்த டெஸ்ட்டுக்கு எத்தன நாளாகுமுங்க?"

"ரெண்டு மூணு வாரம் ஆவும்."

"வந்ததும் எனக்கொரு போன் பண்ணுங்க. எதா இருந்தாலும்."

'எதா இருந்தாலும்' என்றபோது அவன் கற்பகத்தைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. நல்லவனாகத்தான் இருந்தான். அதுதான் இப்போது கஷ்டமாக இருந்தது.

அஞ்சு வேன் வளைவு திரும்பும் வரை டாட்டா காட்டினாள்.

*

மூக்கம்மாளைக் காணவில்லை. சித்ரா தேடிக்கொண்டு போனாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், விறகுக் கட்டின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சாரல் மேலே விழுவதுகூடத் தெரியவில்லை.

"அத்தை, நனையுதீக."

"நனையட்டும்."

சித்ரா முந்தானையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எர்ணாகுளத்துல இருந்து வரும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நான் நாலு பேர் முன்னால உன்னைய…"

"பிள்ளை தலையில சத்தியம் வாங்கிட்டாக அத்தை."

மூக்கம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. குரோமோசோம் புரியாவிட்டாலும் அது அவளுக்குப் புரியும்.

"சுடலைக்கும் கற்பகத்துக்கும் நடுவுல எனக்கு ரெண்டு தங்கல. எங்க மாமியா, 'கொழுந்துக் காட்டுல கண்ட எடத்துக்குப் போயிருக்கா, காத்துக் கருப்பு தொட்டுருச்சு'ன்னா. லயமே என்னையத்தான் பேசுச்சு. உங்க மாமா இருந்தாரே, சோலை, அவரு ஒண்ணும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லாததுதான் எனக்கு ரொம்பக் கனமா இருந்துச்சு. இன்னைக்கு எம் மகன் சொல்லிட்டான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழைத் தண்ணீரா என்று சித்ரா பார்க்கவில்லை.

"அது எங்கிட்ட இருந்து வந்ததா, இல்ல உங்க மாமாகிட்ட இருந்தா?"

"தெரியாது அத்தை. உங்க ரத்தத்தப் பாத்தாத் தெரியும்."

"பாத்து இனி என்ன? நான் என்ன பிள்ளையா பெறப்போறேன்?"

சித்ரா தயங்கினாள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தம்பிக்காகப் பேசுகிறாள் என்று யார் சொன்னாலும் சரி.

"மாமா வழியா வந்திருந்தா ஜெகனுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. உங்க வழியா வந்திருந்தா, அது உங்க அப்பாவோ அம்மாவோ குடுத்ததா இருக்கும். அப்ப எங்க அப்பாவுக்கும் இருக்கலாம். ஜெகனுக்கும் இருக்கலாம்."

"உனக்கு இல்லன்னு சொன்னாகளே."

"எனக்கு இல்லாததால அவனுக்கும் இல்லன்னு ஆகாது அத்தை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பாக்கணும்."

மூக்கம்மாள் யோசித்தாள். ஒரு வருஷமாக அவள் கட்டி எழுப்பிய சுவர் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

"அப்ப நான் அந்தப் பிள்ளைக ரெண்டையும் பிரிச்சது தப்பாவும் இருக்கலாம். சரியாவும் இருக்கலாம்."

"நீங்க நெனச்ச காரணம் தப்பு அத்தை. மத்தது பாத்தாத்தான் தெரியும்."

"எந்திரி," என்று மூக்கம்மாள் தானும் எழுந்தாள். "உள்ள வா. வெளியாள் கண்ணு பட்ட வீடு."

அடுப்படியில் கல்லுப்பையும் வற்றல் மிளகாயையும் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்துபோனாலும் அவள் அஞ்சுவுக்குச் சுற்றிப் போடுவாள். எப்போதும் சித்ராவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, தனியாக உட்காரவைத்துத்தான் சுற்றுவாள். இன்று அப்படிச் செய்யவில்லை.

"பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு நீயும் உக்காரு."

சித்ரா உட்கார்ந்தாள். அஞ்சுவின் தலையையும் அவள் தலையையும் சேர்த்து மூக்கம்மாளின் கை சுற்றி வந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. மூன்றாம் சுற்றில் கை சித்ராவின் தலையில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் நெடியே வரவில்லை.

"பாத்தியா, எம்புட்டுக் கண்ணு," என்றாள்.

வாசற்படியில் சுடலைமணி நின்றிருந்தான். சித்ரா அவனைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். காலையில் குழாயடியில் சொன்னதற்கு அவன் மன்னிப்பு கேட்கவில்லை. அவள் காலடியில் கிடந்த காலிக் குடத்தை எடுத்து, தண்ணீர் பிடித்து வருவதற்காகத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"எர்ணாகுளத்துக்கு எப்பப் போணும்?" என்றாள் மூக்கம்மாள்.

"புதன்கிழமை வரச் சொன்னாக."

"மொதல்ல எங் கையில எடுக்கச் சொல்லு. பெறகு கற்பகத்துக்கு." அடுப்பை ஊதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஜெகனையும் வரச் சொல்லு. அவனும் எங்க அப்பன் பேரன்தான."

அந்தப் பெயரை இந்த வீட்டில் மூக்கம்மாள் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

"யாரு கூப்புடணும்?" என்றான் சுடலைமணி.

கற்பகம் இன்னும் பட்டுச் சேலையை மாற்றவில்லை. போனை எடுத்தாள். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். ஜீப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

"மச்சான்."

"சொல்லு கற்பகம். இன்னைக்குப் பூ வைக்கிற நாளுல்ல?"

"புதன்கிழமை எங்ககூட எர்ணாகுளத்துக்கு வாரீகளா? ரத்தம் குடுக்கணும்."

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு? அஞ்சுவுக்கா?"

"அஞ்சு நல்லாருக்கா. உப்பு வெடிக்கிறதப் பாத்துக் கைதட்டிக்கிட்டு இருக்கா." கற்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். "நமக்குத்தான் மச்சான். உங்களுக்கும் எனக்கும். நமக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணுமாம். அம்மாதான் கூப்பிடச் சொன்னாக."

அந்தப் பக்கமும் மழை பெய்வது போனில் கேட்டது.

"எத்தன மணிக்கு ஜீப்பக் கொண்டு வரட்டும்?" என்றான் ஜெகன்.

பதில் சொல்லக் கற்பகம் திரும்பியபோது, காலண்டர் ஆணியில் அந்தப் பூப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்புச் சூட்டில் மொட்டுகள் விரிய ஆரம்பித்திருந்தன. அதை எடுத்துச் சாமி படத்துக்குப் போடவும் அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை, வெளியே போடவும் கை வரவில்லை.